கிராஃப் தாளில் வளைந்த கோடு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ திண்மநிலை இயற்பியல் படிச்சவன், அதைப் பத்தி நாலு வார்த்தை பேசு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். நான் ஆராய்ச்சியாளன் அல்ல. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என்ஜினியர். ஆகவே பெரிய தத்துவம் எதுவும் பேசப்போவதில்லை. இதே கல்லூரியில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கள் காலத்தில் அந்தத் தாள் என்றாலே பயம். படிக அமைப்பு, ஆற்றல் பட்டை, குறைகடத்தி, காந்தவியல், மீகடத்தி என்று அலகு அலகாக வரும். பிளாக் தேற்றத்தை மனப்பாடம் செய்து, பரீட்சையில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவோம். சட்டைப் பையில் கிடக்கும் சாவிக்கும் அந்தத் தேற்றத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆய்வகத்தில் ஜெர்மானியம் சோதனை வந்தது. சின்னப் படிகத் துண்டின் மேல் வரிசையாக நாலு ஊசிகள். வெளி ஊசிகள் இரண்டில் மின்னோட்டம் செலுத்துவோம். உள் ஊசிகள் இரண்டில் மின்னழுத்தம் அளப்போம். அளக்கிற ஊசிகளில் மின்னோட்டம் அநேகமாக ஓடாது. அதனால் ஊசியும் படிகமும் தொடுகிற இடத்தின் தடை கணக்கில் புகாது. துண்டைச் சூடாக்கி, தன்தடையின் மடக்கையை கெல்வின் வெப்பநிலையின் தலைகீழ் மதிப்புக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரவேண்டும். அதன் சாய்விலிருந்து ஆற்றல் இடைவெளி கிடைக்கும். எதிர்பார்க்கும் விடை சுமார் 0.7 எலக்ட்ரான் வோல்ட்.

எனக்கு முழுக்க நேர்கோடு வரவில்லை. சூடான பக்கம் ஒழுங்காக இருந்தது. அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஐந்தாறு புள்ளிகள் வளைந்து கீழே இறங்கிவிட்டன. சீனியர் ரெக்கார்டில் கோடு நூல் பிடித்தாற்போல் இருந்தது. நானும் அந்தப் புள்ளிகளை ரப்பரால் அழித்து, கோட்டின் மேலேயே புதிதாக வைத்துவிட்டேன்.

சார் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரப்பர் தடம் தெரிந்தது. "இங்கே இருந்ததெல்லாம் எங்கேப்பா?" என்றார்.

"தப்பா வந்துச்சு சார்."

"தப்பா வந்துச்சா, உனக்குப் புரியாம வந்துச்சா?"

கையெழுத்துப் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி செய்தேன். மறுபடியும் வளைந்தது. அப்புறம்தான் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். குறைந்த வெப்பநிலையில் மின்னோட்டத்தைச் சுமப்பவை பெரும்பாலும் மாசு அணுக்கள் தந்தவை. சூடு கூடினாலும் அவற்றின் எண்ணிக்கை கூடுவதில்லை. அணுக்களின் அதிர்வு கூடுவதால் தடைதான் சற்று ஏறும். மேலும் சூடானால்தான் ஜெர்மானியத்தின் சொந்த எலக்ட்ரான்கள் ஏராளமாக இடைவெளியைத் தாண்டி வருகின்றன. ஆக, நான் அழித்தது பிழையை அல்ல. தன்னுள் கலந்த மாசைப் பற்றிப் படிகம் சொன்ன சேதியை. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்ததும் மாசு கலந்த ஜெர்மானியத்தில்தான்!

சில வருடம் கழித்து, வேலையில் இதே கதை. நாங்கள் செய்த கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வெயில் ஏறினால் தகராறு செய்தன. எல்லோரும் சர்க்யூட்டில் குற்றம் தேடினார்கள். நான் டையோடுகளைச் சூடாக்கி, கசிவு மின்னோட்டத்தைப் பழைய மாதிரியே வரைந்து பார்த்தேன். நல்ல டையோடுகளில் சூடான பக்கத்துச் சாய்வு, சிலிக்கானின் இடைவெளியான 1.1 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வந்தது. சிலவற்றில் அதில் பாதிதான், கசிவும் அதிகம். படிகத்துக்குள் இருக்கும் குறைபாடுகளைப் படிக்கட்டாக வைத்து எலக்ட்ரான்கள் ஏறுவதன் அடையாளம் அது. "அந்த நாலு பீஸை விட்டுடுங்க சார், சராசரி நல்லா வந்துடும்" என்றார் கூட வேலை செய்தவர். விடவில்லை. அந்த லாட் முழுவதும் திரும்பிப் போனது.

பெரிய இடத்திலும் இப்படித்தான். 1911-ல் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் குழுவினர் பாதரசத்தைக் குளிர்வித்தபோது, 4.2 கெல்வின் அருகே மின்தடை திடீரென்று மறைந்தது. அந்த அளவீட்டைத் தள்ளிவிடாமல் துருவிப் பார்த்தார்கள், மீகடத்தி கிடைத்தது. 2023 ஜூலையில் எல்.கே.-99 என்ற பொருள் சாதாரண வெப்பநிலையிலேயே மீகடத்தி என்று கொரியக் குழு ஒன்று அறிவித்தது. டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பலர் செய்து பார்த்தார்கள், மீகடத்தி இல்லை. சுமார் 104 டிகிரி செல்சியஸில் தடை சடாரென்று விழுந்ததற்குக் காரணம், அதில் மாசாகக் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு. அங்கேயும் மாசுதான்! அளந்ததை அப்படியே வைத்துக்கொண்டு 'ஏன்?' என்று கேட்டவர்களே உண்மையைக் கண்டார்கள்.

தம்பி தங்கைகளே, இந்தப் பாடத்துக்கு அபாரமான கணித மூளை வேண்டும் என்று பயப்படாதீர்கள். கிட்டல் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் படித்தால், அதற்குப் பொருத்தமான ஒரு சோதனையை உங்கள் கையால் செய்யுங்கள். வந்த புள்ளிகளை எல்லாம் தாளில் வையுங்கள். புரியாத புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள், ரப்பரை எடுக்காதீர்கள்.

அந்த சார் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்றைக்கு வெட்கத்தில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சார், இன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் தடவை, வளைந்த கோட்டின் பக்கத்தில் நீங்கள் போட்ட கையெழுத்துதான் நான் இங்கே வாங்கிய பெரிய மதிப்பெண்.