சிலுவையின் ரத்தமும் தில்லையின் தீயும்

(செஞ்சியை அடுத்த தொண்டூரில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



2004இல் மெல் கிப்சன் எடுத்த 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். இயேசுவின் கடைசி சில மணி நேரம்தான் கதை. சாட்டை, ஆணி, ரத்தம் என்றே படம் நகரும். தான் பார்த்ததிலேயே மிகக் கொடூரமான படம் இதுதான் என்று எழுதினார் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட். ஆனாலும் படத்தை உயர்வாகவே மதிப்பிட்டார். அவர் கத்தோலிக்கராக வளர்ந்தவர். நம்பிக்கை உள்ளவருக்கு அந்த ஒவ்வொரு அடியும் தனக்காகப் பட்ட அடி. அதனால் கண்ணை மூடாமல் பார்க்கிறார், அழுகிறார்.

யூதர்கள் பலர் அதே படத்தைப் பார்த்து அஞ்சினார்கள். கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்ற பழியால் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் வேட்டையாடப்பட்டவர்கள் அவர்கள். யூதர் எல்லோர்மீதும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்ததே 1965இல்தான். ஒரே திரை; ஒருவருக்கு அருள், இன்னொருவருக்கு அச்சம்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் நடித்தார்கள். பெரியபுராணத்தில் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். தில்லைக்குள் நுழைய முடியாமல் எல்லையிலேயே சுற்றி வருகிறார். தீயில் மூழ்கி வா என்று இறைவன் கனவில் சொல்கிறார். தில்லை அந்தணர்கள் தீ மூட்டுகிறார்கள். நந்தனார் அதில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக வெளியே வருகிறார்.

இந்தக் கதையை வன்முறைக் கதை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பக்தரின் கண்ணுக்கு அந்தத் தீ சோதியாகத் தெரிகிறது. சேரியில் பிறந்த உடம்பு எரிந்தால்தான் கோயில் கதவு திறக்கும் என்ற நிபந்தனை தெரிவதில்லை. சிலுவைக் கதையில் அடித்தவர்கள் குற்றவாளிகள். தில்லைக் கதையில் தீ மூட்டியவர்கள் இறைவனின் கட்டளையை நிறைவேற்றியவர்கள். ஆக, எது கொடுமை, எது கருணை என்பதை நம் கண் தனியாக முடிவு செய்வதில்லை. நம்பிக்கை முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்குள் சாதியும் உட்கார்ந்திருக்கிறது.

சிலுவைக்காக அழுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்றும் நினைக்காதீர்கள். 2008 மார்ச் 9, தவக்காலத்து ஞாயிறு. அன்றைய நம் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், சமமாக நடத்தப்படாத தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்காகத் தாக்கப்பட்டார்கள். காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். தாக்கியவர்களும் இயேசுவின் பாடுகளைத் தியானித்தவர்கள்தான். இதே மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனதற்காக அடிக்கப்பட்டு, 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது. சபையில் அவமானப்பட்ட திரௌபதிக்காகக் கூத்து பார்த்து உருகும் ஊர்கள்தாம் இவை.

அதனால் பக்திப் படம் பார்த்து அழும் அம்மாவையோ பாட்டியையோ கேலி செய்யாதீர்கள். அடுத்தவர் வலியை உணரும் மனம் அவர்களிடம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, நந்தனார் ஏன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். சாமி நினைத்திருந்தால் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேளுங்கள். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கிருந்து உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.