வரிச்சீட்டும் சட்ட மாணவரும்

(திருப்புலிவனத்தில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



வரியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் துண்டை உதறித் தோளில் போட்டதைக் கண்டேன். அஞ்ச வேண்டாம், நான் வசூலுக்கு வரவில்லை. வரிச்சீட்டைப் படித்துக் காட்டும் இளைஞர்களைப் பற்றியும், அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய சிறப்பைப் பற்றியும் சில சொற்கள் கூறவே வந்தேன்.

வரியும் ஊராட்சியும் இணைபிரியாதவை என்பதை இவ்வட்டாரத்து மக்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், அண்டையிலுள்ள உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். குடவோலைக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமாயின் ஒருவருக்குக் கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் இருத்தல் வேண்டும் என்று அவை கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் எனவும் விதித்திருந்தனர். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், முறைப்படி கேட்பு அனுப்பப்பட்ட பின்னரும் பஞ்சாயத்துக்குரிய பாக்கியைச் செலுத்தாதவர் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்றே கூறுகின்றது. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. அந்தப் பழைய சபையில் பெண்களுக்கு இடமில்லை. ஏர் பிடித்த ஏழைக்கும் இடமில்லை. இன்று எல்லாருக்கும் வாக்கு உண்டு. எல்லார் வீட்டுக்கும் வரியும் உண்டு. ஆனால் அவ்வரிச்சீட்டில் எழுதியிருப்பது எல்லாருக்கும் விளங்குகிறதா?

முன்னர் நான் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர், வீட்டுவரிக் கேட்புத்தாள் ஒன்றுடன் என் அலுவலகத்துக்கு இருமுறை வந்தார். இருமுறையும், "மனு எழுதிக்கொண்டு வாருங்கள், அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு எழுதத் தெரியாது. வெளியே எழுதிக் கொடுப்பவருக்குக் கூலி கொடுக்கவும் கையில் பணம் இல்லை. வீட்டை ஏலம் போட்டுவிடுவார்கள் என்று எண்ணிய அவர், அத்தாளை அரிசிப் பானைக்குள் வைத்துப் பல மாதம் உறக்கமின்றிக் கழித்திருக்கிறார்.

அவ்வூருக்குச் சட்டக் கல்லூரி மாணவர் சிலர் தம் ஆசிரியருடன் ஒருநாள் வந்தனர். ஒரு மாணவி திண்ணையில் அமர்ந்து அத்தாளை வரிவரியாகப் படித்தாள். மூதாட்டியின் பழைய கூரை வீட்டுக்கு ஓர் எண். அதே மனையில் பின்னர் எழுந்த ஓட்டு வீட்டுக்கு வேறோர் எண். இடிந்துபோன வீட்டுக்கும் சேர்த்து ஆண்டாண்டாக வரி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது! அரைப்பக்க மனு எழுதினாள். மூதாட்டி கைநாட்டு வைத்தார். பஞ்சாயத்துச் செயலர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இடத்தை நேரில் கண்டு, தவறான இனத்தை நீக்குவதற்கு ஆவன செய்தார். உண்மையில் செலுத்த வேண்டிய தொகையை மூதாட்டி அன்றே செலுத்தி ரசீது பெற்றார். பஞ்சாயத்துக்கும் பணம் வந்தது. அவருக்கும் உறக்கம் வந்தது. அந்த அரைநாள் வேலையை நான் இருமுறை செய்யத் தவறினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

போகும்போது அம்மூதாட்டி என்னிடம் கேட்டார்: "ஐயா, ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிற பிள்ளைக்குக் கோப்பை கொடுக்கிறீர்கள். இந்தப் பெண்ணுக்கு யார் கொடுப்பார்கள்?" இன்றைய என் பேச்சு அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே ஆகும்.

அமெரிக்க நாட்டில் இக்கேள்வியை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அங்குச் சட்டக் கல்லூரிகள் பலவற்றில் வரிக் கிளினிக்குகள் உள்ளன. நோயுற்றவர் மருத்துவரை நாடுவது போல, வரித்துறையின் கடிதம் விளங்காத ஏழைகள் அங்கே செல்வர். ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவரே அவர்களுக்காக வாதாடுவர். இத்தகைய நிலையங்களுக்கு அரசு மானியம் அளிக்க 1998ஆம் ஆண்டில் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. கட்டணம் வாங்கலாகாது, வாங்கினும் பெயரளவில்தான் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிளினிக் நடத்திய பேராசிரியை ஜேனட் ஸ்ப்ரேகன்ஸ் பெயரால் அந்நாட்டு வழக்கறிஞர் சங்கத்தின் வரிப் பிரிவு விருது வழங்குகிறது. கிறிஸ்டின் பிரன்ஸ்விக் பெயரால் அதே பிரிவு அளிக்கும் உதவி ஊதியமோ, படிப்பை முடித்த இளைஞர் ஈராண்டுகள் ஏழைகளின் வரி வழக்குகளிலேயே பணிபுரிய வழி செய்கிறது. விருது பெருமையைத் தருகிறது. உதவி ஊதியம் சோற்றைத் தருகிறது. இரண்டும் வேண்டும் என்பதே நாம் அறிய வேண்டிய பாடம்.

நிற்க. நம் நாட்டில் இதற்கு இடமுண்டா எனில், உண்டு. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி அளித்தல் அரசின் கடமை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியலமைப்பில் 39அ பிரிவு சேர்க்கப்பட்டது. 1987ஆம் ஆண்டில் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வந்தது. 2011ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் கிளினிக் விதிமுறைகளின்படி, சட்டக் கல்லூரி மாணவர்கள் கிராமங்களைத் தத்தெடுத்துப் பணியாற்றலாம். கிளினிக்குக்கு ஓர் அறை தருமாறு பஞ்சாயத்தைக் கேட்கலாம். நம் மாநில அரசும் 2020ஆம் ஆண்டில், இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஈராண்டுகள் உதவித்தொகை அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. விதை இருக்கிறது, நிலமும் இருக்கிறது. நீர் பாய்ச்ச வேண்டியவர்கள் நாம்.

விவசாயிகளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயிர்த்தொழில் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. ஆனால் விளைச்சல் பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டால் அதன் வட்டி அவ்விலக்கில் அடங்காது. வட்டியில் வரி பிடித்திருந்தால், வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவர் உரிய கணக்கைத் தாக்கல் செய்து அதனைத் திரும்பப் பெறலாம். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின்படி வழங்கப்படும் இழப்பீட்டுக்குப் பொதுவாக வருமான வரி இல்லை என்று அதன் 96ஆம் பிரிவு கூறுகிறது. இவற்றை அறியாமல் தமக்குரிய பணத்தை விட்டுவிடுவோர் உண்டு. வீட்டுவரி ரசீதே மனைக்குப் பட்டா என்று நம்பி ஏமாறுவோரும் உண்டு.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது: மாதம் ஒருநாள் பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறையும், ஒரு மேசையும், குடிநீரும் கொடுங்கள். காஞ்சிபுரத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதி, ஆசிரியரோ வழக்கறிஞரோ உடன்வர மாணவர்களை அழையுங்கள். அந்த நாளை ஊராருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள்.

இரண்டாவது: ஒரு குறிப்பேடு வையுங்கள். வந்தவர் எத்தனை பேர், முடிந்த காரியம் எத்தனை என்று எழுதுங்கள். மேடையில் நன்றாகப் பேசியவருக்குப் பரிசு கொடுப்பது எளிது. பானைக்குள் இருந்த தாளை வெளியே எடுத்தவருக்கே பரிசு உரியது. உதவி பெற்றவர் மறுமுறை தாமே சீட்டைப் படித்துக் கொள்கிறாரா என்பதையும் கவனியுங்கள். அதுவே மாணவரின் உண்மையான மதிப்பெண்.

மூன்றாவது: ஜனவரி 26ஆம் நாள் கிராமசபையில், அவ்வாறு உழைத்த மாணவரை ஊரார் முன்னிலையில் அழைத்துச் சிறப்புச் செய்யுங்கள். பெருந்தொகை வேண்டியதில்லை; பஞ்சாயத்து நிதியைத் தொடவும் வேண்டாம். ஊரார் விரும்பிச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு சட்டப் புத்தகமும், பேருந்துச் செலவும் போதும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை நம் ஊருக்கு வந்து போகும் செலவுக்கு அஞ்சியே நின்றுவிடக் கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூறி முடிக்கிறேன். இந்த மேசை வரி ஏய்க்க வழி காட்டும் இடமன்று. செலுத்த வேண்டியதைச் செலுத்தவும், செலுத்த வேண்டாததை மறுக்கவும் கற்பிக்கும் இடமாகும். நியாயமாகப் போடப்பட்ட வரியை மக்கள் மனமுவந்து கொடுப்பர். அதிலிருந்துதான் தெருவிளக்கு எரியும், குழாயில் நீர் வரும்.

அந்த மூதாட்டி கேட்ட கேள்விக்கு நான் அன்று விடை சொல்லவில்லை. திருப்புலிவனம் சொல்லட்டும்.