வித்தைக்காரனா? மகானா?



2006-ம் வருஷத்தில் ஆங்கிலத்தில் இரண்டு சினிமாக்கள் வெளிவந்தன. ஒன்று 'தி இல்யூஷனிஸ்ட்'. மற்றொன்று 'தி பிரஸ்டீஜ்'. இரண்டும் மேடையில் ஜாலவித்தை செய்கிறவர்களின் கதைதான். இரண்டிலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. தள்ளிவிட வேண்டிய சங்கதியும் ஒன்று உண்டு.

முதல் படத்தில் வியன்னா நகரத்து ஐசன்ஹைம் என்னும் வித்தைக்காரன், ஜனங்களின் கண்முன்னே ஆரஞ்சு மரம் வளர்த்துக் காட்டுகிறான். பிரெஞ்சு தேசத்து ராபர்ட் ஹூடின் (1805-1871) என்பவர் யந்திரத்தைக் கொண்டு செய்துகாட்டிய வித்தை இது. நம் சந்தைகளில் மோடி வித்தைக்காரர் கூடையை மூடி, மாங்கொட்டையில் செடி முளைக்க வைத்ததும் இதே ஜாதி வித்தைதான். பிறகு ஐசன்ஹைம் செத்தவர்களின் ஆவியை மேடைக்கு வரவழைக்கிறான். ஜனங்கள் அவனை மகானாகவே ஆக்கிவிடுகிறார்கள். அவனோ, தான் காட்டியதெல்லாம் வெறும் தந்திரம் என்று கூட்டத்தினிடம் சொல்லிவிடுகிறான். இது யோக்கியமான காரியம். ஆனால் அந்த ஆவி எப்படி வந்தது என்பதைப் படம் கடைசிவரை விளக்கவில்லை. அது குறைதான்.

இரண்டாவது படத்தில் ஆஞ்சியர், போர்டன் என்று லண்டனில் இரண்டு போட்டிக்காரர்கள். போர்டன் ஒரு கதவில் நுழைந்து அடுத்த கணமே மற்றொரு கதவில் வருகிறான். சூட்சுமம் என்ன? அவர்கள் இரட்டைப் பிள்ளைகள்! இரண்டு ஆள்தான் என்று ஆஞ்சியரின் உதவியாளன் ஆரம்பத்திலேயே சொல்லுகிறான். இவ்வளவு சுலபமாக இருக்காது என்று ஆஞ்சியர் நம்ப மறுக்கிறான்; கடல் கடந்து போகிறான்; பணத்தைக் கொட்டுகிறான்; முடிவில் உயிரையும் விடுகிறான். ஆனால் டெஸ்லா (1856-1943) செய்த யந்திரம் ஒரு மனிதனை இரண்டாக்கிவிட்டது என்று அதே படம் காட்டுகிறது. டெஸ்லா மெய்யான மின்சார விஞ்ஞானி. அந்த யந்திரமோ கட்டுக்கதை. சாமி பேரால் சொன்னால் சிரிக்கிற படித்தவர், மின்சாரத்தின் பேரால் சொன்னால் தலையாட்டுகிறார்!

தோழர்களே! நம் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா 1940-ல் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடத்தில் நடித்தார். ஒரே திரையில் இரண்டு சின்னப்பா! அதற்காக யாராவது தேங்காய் உடைத்தார்களா? காமிராவின் வேலை என்று தெரிந்துதானே கைதட்டினார்கள்? அந்தப் புத்தி கொட்டகைக்கு வெளியே வந்ததும் எங்கே போய்விடுகிறது?

கஞ்சி விட்டுப் பிசைந்து காயவைத்த சாம்பல் வில்லையை விரலிடுக்கில் ஒளித்து நசுக்கினால் திருநீறு கொட்டும் என்று, 2009-ல் காலமான போத்தனூர் பிரேமானந்த் ஊர் ஊராகச் செய்து காட்டினார். கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963-ல், அற்புதத்தை மெய்ப்பித்தால் லட்ச ரூபாய் என்று பந்தயம் கட்டினார். 1978-ல் அவர் சாகிறவரை ஜெயித்தவர் ஒருவருமில்லை.

தெரு வித்தைக்காரன் வயிற்றுப் பிழைப்புக்கு என்று சொல்லி நாலு காசு கேட்கிறான். மகான் வேஷம் போடுகிறவனோ அதே வித்தையைச் செய்து, நோயாளியின் மருந்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டு காலிலும் விழச் சொல்லுகிறான். இவர்களில் யார் யோக்கியன்?

ஆகவே, இனி எவனாவது அற்புதம் காட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள். இதற்குச் சுலபமான காரணம் என்ன? இது வித்தை என்று நீ ஒப்புக்கொள்ளுகிறாயா? ஒப்புக்கொண்டால் தாராளமாகக் கைதட்டிக் காசு போடுங்கள். இல்லாவிட்டால் மடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.