ஜாதி நாய் என்பது என்ன?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இரண்டு பையன்களுக்குள் சண்டை. விலக்கிவிட்டு விசாரித்தேன். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சார், அவன் வீட்டு நாய் ஜாதி நாயாம். எங்க நாய் ஜாதி இல்லாத நாயாம். அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டான். அன்று நான் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நாய்கள் எல்லாவற்றுக்கும் மூதாதை ஒன்றுதான். அது ஓநாய். குறைந்தது 15,000 ஆண்டுகளுக்கு முன்பே அது மனிதனோடு சேர்ந்து வாழத் தொடங்கிவிட்டது. கன்றுக்குட்டி உயரமுள்ள நாயும், கைப்பைக்குள் அடங்கும் நாயும் அந்த ஒரே வம்சத்தில் வந்தவைதாம்.

பிறகு எப்படி இத்தனை உருவங்கள் வந்தன? ஆடு வளர்க்கும் தாய்மார்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. நன்றாகப் பால் கறக்கும் ஆட்டின் குட்டியைத்தானே வளர்க்க வைத்துக்கொள்கிறோம்? மற்றதை விற்றுவிடுகிறோம். அதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தால் மந்தையே மாறிவிடும். இதற்குத்தான் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குதல் என்று பெயர்.

ஜெர்மனி நாட்டில் பேட்ஜர் என்றொரு பிராணி உண்டு. மண்ணில் வளை தோண்டி வாழும். அந்த வளைக்குள் நுழைந்து வேட்டையாடக் குட்டைக்கால் நாய் வேண்டியிருந்தது. குட்டைக்கால் நாய்களையே இணை சேர்த்தார்கள். அப்படி உருவானதுதான் டாக்ஸ்ஹூண்ட். ஒரு மரபணுவின் நகல் ஒன்று கூடுதலாக இருப்பதே அந்தக் குட்டைக்காலுக்குக் காரணம் என்று 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள்.

அதே நாட்டில் அப்போல்டா என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் டோபர்மான் என்றொருவர் வரி வசூல் செய்து வந்தார். கையில் பணம், வழியில் திருடர் பயம். தமக்குக் காவலாக ஒரு நாயை அவரே உருவாக்கினார். இன்று அந்த நாய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இதெல்லாம் கட்டுக்கதை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1959-இல் ரஷ்யாவின் சைபீரியாவில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். தோலுக்காகப் பண்ணையில் வளர்த்த நரிகளில், மனிதனைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் இணை சேர்த்தார். ஆறாவது தலைமுறையிலேயே சில நரிகள் நாயைப்போல வாலை ஆட்டிக்கொண்டு வந்து கையை நக்கின!

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். நாய்க் கண்காட்சி என்பது 1859-இல்தான் இங்கிலாந்தின் நியூகாசிலில் தொடங்கியது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் 1873-இல் ஏற்பட்டது. அதன்பின் வேலையைவிட அழகுக்கும் 'தூய ரத்தத்துக்கும்' மதிப்பு கூடிற்று. விளைவு என்ன? புல்டாக் நாயைப் பாருங்கள். காளையோடு மோதவிடுவதற்காக வளர்த்த நாய் அது. 1835-இல் அந்த விளையாட்டுக்குத் தடை வந்தது. பிறகு சப்பை மூக்கும் பெரிய தலையும்தான் அழகு என்று அவற்றையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று அது மூச்சுவிடவே திணறுகிறது. நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால்தான் நடக்கின்றன என்று பிரிட்டனில் 2010-இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது. தூய ஜாதி என்ற பெருமை மனிதனுக்கு. வேதனை வாயில்லா ஜீவனுக்கு!

இன்னொன்றும் கேளுங்கள். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு நூற்றுக்கு 9 அளவுதானாம்! மனிதன் பார்த்துப் பார்த்து இணை சேர்த்த நாயிலேயே ஜாதி குணத்தைத் தீர்மானிக்கவில்லை.

அப்படியிருக்க, யாருமே அப்படித் தேர்ந்தெடுக்காத மனிதனில் ஜாதி எங்கிருந்து வந்தது? சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கலாம். ஆனால் கணக்கு வருகிறவனுக்குத்தான் கல்யாணம், வராதவனுக்குக் கிடையாது என்று நம் ஊரில் சட்டம் இருந்ததா? இல்லையே! 'ஜாதி' என்ற ஒரே சொல்லை நாய்க்கும் மனிதனுக்கும் சொல்லிச் சொல்லி நாமே ஏமாந்துபோனோம்.

தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்துப் போட வரும்போது சில தகப்பன்மார்கள், "எங்க வம்சத்துக்கே படிப்பு ஏறாது சார்" என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்லிவிடுகிறீர்கள். அந்தப் பிள்ளை தலை குனிந்து நிற்கிறது. அடுத்த வாரம் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே அதற்கு மனம் வருவதில்லை. உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், இனி அந்தச் சொல் வேண்டாம். நம் தாத்தா பாட்டிக்குப் படிப்பு ஏறவில்லை என்பதல்ல. விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போனவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிட்டவில்லை. குறை வம்சத்தில் இல்லை, வாய்ப்பில்தான் இருந்தது. அந்த வாய்ப்பு இன்று உங்கள் பிள்ளையின் கையில் இருக்கிறது.

சண்டை போட்ட அந்த இருவரும் மறுவாரமே சமாதானமாகிவிட்டார்கள். இரண்டு நாய்களும் ஒன்றாகத் திடலில் ஓடுவதாகக் கேள்வி. ஜாதி நாய்க்கு மூச்சு வாங்குகிறதாம். மற்றது நின்று, அது வந்து சேரும்வரை காத்திருக்கிறதாம்!

மாணவச் செல்வங்களே, இன்று இந்த மேடையில் உங்கள் பெயர் மட்டும்தான் வாசிக்கப்படும். வம்சம் வாசிக்கப்படாது. பரிசு பெறுவோருக்கு என் வாழ்த்து. இந்த ஆண்டு பெறாதவர்களுக்கு அடுத்த ஆண்டு இதே மேடை காத்திருக்கிறது என்று கூறி விடைபெறுகிறேன்.