ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி?

திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் வயல்ல மருந்தடிக்கிற மெஷின், தோப்புல புல் வெட்டுற மெஷின், சந்தைக்கு மூட்டை ஏத்திட்டுப் போற பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர், நம்ம வயசுப் பசங்க தேடித் தேடி வாங்குற யமஹா ஆர்எக்ஸ் 100. இதுல பெரும்பாலும் ஓடுறது டூ ஸ்ட்ரோக் என்ஜின்தான். ஆயில் கலக்குறதுல தப்பு நடந்தா பிஸ்டன் சீஸ் ஆகும். பூச்சி விழுந்த வாரத்துல ஸ்பிரேயர் நின்னா, அந்தப் போக விளைச்சலுக்கே அடி.

முதல்ல, ஏன் கலக்கணும்? ஃபோர் ஸ்ட்ரோக்ல கீழே தனியா ஆயில் இருக்கும். டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலும் காத்தும் கிராங்க் கேஸ் வழியாத்தான் மேலே போகும். அங்கே ஆயில் தேக்கி வைக்க முடியாது. அதனால பெட்ரோலோடயே ஆயில் போய், பேரிங்கையும் பிஸ்டனையும் நனைச்சுட்டு எரிஞ்சுடும். அந்தப் புகை அதுதான்.

இப்போ கணக்கு. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100 மில்லி. 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 5 லிட்டருக்கு 200 மில்லி. பார்க்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு மெஷினுக்கு ரெண்டு அளவு இருக்கலாம். கம்பெனி கையேட்டுல என்ன இருக்கோ அதுதான் அளவு. 25:1 கேட்குற மெஷினுக்கு 50:1 ஊத்தினா பாதி ஆயில்தான் போகுது. "கூட ஊத்தினா நல்லதுதானே"னு சிலர் கேட்பாங்க. பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் அடைக்கும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். கண் அளவு வேண்டாம். மருந்துக் கடை சிரிஞ்ச் ஒண்ணு போதும்.

ஆர்எக்ஸ் 100 வாங்கினவங்க கவனிங்க. அதுல ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப் உண்டு. பம்ப் சரியா வேலை செஞ்சா பெட்ரோல்ல கலக்கத் தேவையில்லை. ஆனா பழைய வண்டிகள்ல பம்பையே கழட்டிப் போட்டிருப்பாங்க. விக்கிறவர்கிட்ட முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கலக்குற முறை: கேன்ல முதல்ல பாதி பெட்ரோல், அப்புறம் அளந்த ஆயில், நல்லா குலுக்கல், பிறகு மீதி பெட்ரோல். நேரா வண்டி டேங்க்ல ஊத்துறதா இருந்தா பெட்ரோல் டேப்பை மூடிட்டு ஆயிலை முதல்ல ஊத்துங்க. மேலே விழுற பெட்ரோல் வேகத்துல கலந்துடும். டேப் திறந்திருந்தா வெறும் ஆயில் கார்புரேட்டருக்கு இறங்கிடும். ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலைக் கலக்காதீங்க. அது எரியுறதுக்குச் செஞ்ச ஆயில் இல்லை. டப்பாவுல ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி இருக்கான்னு பாருங்க. அது புகையும் கரியும் குறைவான ரகம்.

இந்த அளவு நகரத்துக் காத்துக்கும் சம்பந்தப்பட்டது. 1998-ல உச்ச நீதிமன்றம், டெல்லி பங்க்குகள்ல 2டி ஆயிலைச் சில்லறையா விக்கக் கூடாது, அளவாக் கலந்த பெட்ரோல்தான் தரணும்னு உத்தரவு போட்டது.

நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. சுத்தியிருக்குற தமிழ்நாட்டு ஊர்களைவிட காரைக்கால்ல பெட்ரோல் விலை குறைவு. அதனால கேன்ல வாங்கி வைக்கிற பழக்கம் உண்டு. இப்போ பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் தண்ணியை இழுக்கும். கடலோர ஈரம், மழைத் தண்ணி எல்லாம் அளவுக்கு மேல சேர்ந்தா, எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு அடியில தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோட நின்னுடும். என்ஜின் உறிஞ்சுறது அடியில இருந்து. அப்போ நீங்க சரியாக் கலந்திருந்தாலும், என்ஜினுக்கு ஆயில் போகாது.

அதனால அந்த வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலங்க. மூடியை இறுக்குங்க. சம்பா முடிஞ்சு மெஷினைப் பரண்ல ஏத்துறதுக்கு முன்னாடி டேங்க்கைக் காலி பண்ணி, தானா நிக்குற வரைக்கும் ஓட்டி, கார்புரேட்டரையும் காய வைங்க. வீட்டுல இந்த மெஷின் இருந்தா, அப்பாகிட்டயோ மாமாகிட்டயோ ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம மெஷினுக்கு எத்தனை மில்லி?" பதிலை மார்க்கர்ல டேங்க் மேலயே எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.