விளையாட்டுக் கணினியும் நினைவகத்தின் அளவும்

விளையாடுவதற்கென ஒரு கணினி வாங்குவதாக முடிவாகிவிட்டால், அன்றைக்கே அந்த வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. பணங் கொடுக்கும் தந்தை ஒரு கட்சி. விளையாடப் போகும் மகன் மறு கட்சி. "முப்பத்திரண்டு போட வேண்டும், அப்பா" என்கிறான் மகன். "கந்தோரில் எட்டோடு எல்லா வேலையும் நடக்கிறது, தம்பி. உனக்கு மட்டும் அது ஏன் காணாது?" என்று கேட்கிறார் தந்தை. இருவரும் பேசுவது நினைவகத்தின் கிகாபைற்றுக் கணக்கு. ஆயினும், அந்த நினைவகம் கணினிக்குள் இருந்து என்ன தொழில் செய்கிறது என்பதை இருவருமே ஆராய்ந்தவர்கள் அல்லர். மகன் நண்பன் வீட்டிற் கண்டதைச் சொல்கிறான். தந்தை தம் பணப்பையைப் பார்த்துச் சொல்கிறார். இந்நிலையில் கடைக்குப் போனால், தீர்ப்புக் கூறுபவர் கடைக்காரராகவே இருப்பார். வேண்டாத இடத்திற் பணத்தைக் கொட்டிவிடுவதும், வேண்டிய இடத்தில் மிச்சம் பிடித்து முழுக் கணினியையும் பயன் குன்றச் செய்வதும் இந்த ஒரு தீர்ப்பினால் நேரக்கூடியவை.

முதலிலே பெயரால் வரும் குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். கணினிக்குள் நினைவகம் என்று சொல்லத்தக்கவை மூன்று உள. விளையாட்டும் படமும் பாட்டும் நிலையாகத் தங்கியிருக்கும் சேமிப்பகம் ஒன்று. இது பெரும்பாலும் 512 கிகாபைற்று, 1000 கிகாபைற்று என்ற அளவுகளில் வருவது. வரைகலை அட்டையோடு ஒட்டிப் பிறந்து, திரையில் தோன்றும் காட்சிகளுக்கு மட்டும் பயன்படும் நினைவகம் மற்றொன்று. கடையில் 'றாம்' என்று சொல்லப்படும் முதன்மை நினைவகம் மூன்றாவது. தந்தையும் மகனும் வழக்காடுவது இந்த மூன்றாவதைப் பற்றியே. மின்சாரம் நின்ற கணத்தில் தன்னிடமிருந்த அனைத்தையும் இது இழந்துவிடுகிறது. இதற்கு மறதியகம் என்று பெயரிட்டிருந்தாலும் குற்றம் சொல்வதற்கில்லை.

இதன் தொழிலை விளங்கிக்கொள்ளக் கலியாண வீட்டுச் சமையற் கொட்டகையை நினைத்துப் பார்க்கலாம். அரிசியும் காய்கறியும் பலசரக்கும் களஞ்சிய அறையில் இருக்கின்றன. சமையற்காரர் அடுப்பின் முன் நிற்கிறார். அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு நீண்ட மேசை இருக்கிறது. அந்த வேளைக்கு வேண்டியவை யாவும் அதன்மேற் பரப்பப்பட்டுள்ளன. மேசை போதிய அகலமாக இருந்தால் சமையல் தடையின்றி நடக்கும். மேசை சிறிதானால், புளி வேண்டும்போது கத்தரிக்காயை எடுத்துக் களஞ்சியத்திற் போட்டுவிட்டுப் புளியைக் கொண்டுவர ஒருவர் ஓட வேண்டும். அவர் திரும்பி வரும்வரை சமையற்காரர் அகப்பையும் கையுமாக நிற்க வேண்டும். ஆனால் மேசையை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டால் சோறு இரண்டு மடங்கு விரைவாக வெந்துவிடுமா? வேகாது. வேகவைப்பது அடுப்பு. கணினியில் அடுப்பின் தொழிலைச் செய்பவை செயலியும் வரைகலை அட்டையும் ஆகும், மேசைதான் நினைவகம்.

களஞ்சியத்துக்கு ஓடிவரும் அந்த ஓட்டம் எவ்வளவு தாமதமானது என்பதற்கு ஒரு கணக்குண்டு. டீ.டீ.ஆர். 4 வகையைச் சேர்ந்த, 3200 என்ற வேகக் குறியுடைய இரண்டு துண்டுகள் சோடியாக வேலை செய்யும்போது, நொடிக்கு ஏறத்தாழ 51 கிகாபைற்றுத் தரவைச் செயலிக்கு வழங்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. சாற்றா இணைப்புடைய எஸ்.எஸ்.டி. சேமிப்பகமோ நொடிக்கு அரைக் கிகாபைற்றளவே தரும். சுழலும் தட்டுடைய பழைய வன்தட்டு அதனினும் மிகக் குறைவு. நினைவகம் நிரம்பியதும் விண்டோஸ் பணிசெயல் முறைமை ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்குத் தள்ளிவிட்டு, வேண்டும்போது திரும்ப அழைக்கிறது. விளையாடுகிறவன் காண்பது, ஓடிக்கொண்டிருந்த குதிரை திடீரென ஒரு கணம் சிலையாகி நின்று மறுபடி ஓடுவதைத்தான். அந்த ஒரு கணத்திற்குள் எதிரி சுட்டுவிடுகிறான். 'கணினி பழுது' என்று மகன் சொல்வது பல வேளைகளில் இதையே.

ஆகவே, நினைவகத்தின் இயல்பு ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். தேவைக்குக் குறைந்தால் அதனால் வரும் கேடு பெரிது. தேவையைத் தாண்டிவிட்டால் அதனால் வரும் நன்மை பெரும்பாலும் இல்லை. 12 கிகாபைற்றோடு அமையும் விளையாட்டு 16 உள்ள கணினியிலும் 64 உள்ள கணினியிலும் ஏறத்தாழ ஒரே வகையாகவே ஓடும். எனவே, ஒரு விளையாட்டின் தேவை எவ்வளவு என்பதை அறிவதே முக்கியமாகிறது.

அத்தேவை ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக வளர்வதில்லை. படிக்கட்டுப் போலச் சில ஆண்டு நின்று, பின் ஒரேயடியாக ஏறுகிறது. 1993 ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பேர்பெற்ற 'டூம்' என்னும் விளையாட்டுக்கு 4 மெகாபைற்று நினைவகம் போதுமாயிருந்தது. அதே வரிசையில் 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' குறைந்தது 16 கிகாபைற்றைக் கேட்கிறது, 32 இருப்பது நன்று என்றும் அதன் தயாரிப்பாளர் கூறுகின்றனர். குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், 32 ஆண்டுகளில் 4096 மடங்கு ஏற்றம்.

இந்தப் படிகள் ஏன் ஏற்படுகின்றன என்பது பலர் கவனியாத செய்தி. பெரிய விளையாட்டுகளைத் தயாரிப்போர் கணினிக்கென்று மட்டும் தயாரிப்பதில்லை; தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டிகளையும் மனத்தில் வைத்தே தயாரிக்கின்றனர். 2013 ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேசன் 4 இல் 8 கிகாபைற்று நினைவகம் இருந்தது. 2020 ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேசன் 5 இல் அது 16 ஆயிற்று. பழைய பெட்டிக்கும் சேர்த்துத் தயாரித்துக்கொண்டிருந்த காலம்வரை, கணினியில் எட்டு வைத்திருந்தவர்களும் ஒருவாறு காலந்தள்ளினர். பழைய பெட்டியைத் தயாரிப்பாளர் கைவிடத் தொடங்கியபோது அந்தப் படி உடைந்தது. 'சைபர்பங்க் 2077' என்ற ஒரே விளையாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 2020 இல் வெளிவந்தபோது குறைந்த அளவு 8 என்றிருந்தது. 2023 இல் அதன் தேவைப் பட்டியல் திருத்தப்பட்டபோது குறைந்த அளவு 12 ஆகவும், தகுந்த அளவு 16 ஆகவும் உயர்ந்தன.

எல்லா விளையாட்டுகளும் அப்படிப் பசியெடுத்தவை அல்ல. இளைஞர் பலர் இரவு பகலாக விளையாடும் 'வலறன்ற்' 4 கிகாபைற்றோடும், 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' எட்டோடும் இயங்கும் என்றே அவற்றின் உரிமையாளர் எழுதி வைத்துள்ளனர். மறுகோடியில் 2024 ஆம் ஆண்டின் 'மைக்ரோசொப்ட் பிளைற் சிமியுலேற்றர்' நிற்கிறது. உலகப்படம் முழுவதையும் விமானத்தின் கீழே விரித்துக் காட்டும் அவ்விளையாட்டுக்குக் குறைந்தது 16, தகுந்தது 32, சிறந்தது 64 என்பது கணக்கு. ஆகையால் 'விளையாட்டுக் கணினிக்கு எவ்வளவு வேண்டும்' என்று பொதுவாகக் கேட்பதிற் பொருளில்லை. மகன் விளையாடப் போகும் நான்கைந்து விளையாட்டுகளின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தயாரிப்பாளர் கூறும் தகுந்த அளவை எழுதச் செய்வதே தந்தை செய்யத்தக்க முதற் காரியம். அந்தப் பட்டியலை எழுதி முடிக்கும்போது மகனின் முப்பத்திரண்டு பல வீடுகளிற் பதினாறாக இறங்கிவிடும். தந்தையின் எட்டும் பதினாறாக ஏறிவிடும்.

பட்டியலை வாசிக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. குறைந்த அளவு என்பது, வேறெதுவும் திறந்திராத கணினியில் விளையாட்டு ஒருவாறு ஓடுவதற்கான அளவு. விண்டோஸ் தன் பங்குக்கு மூன்று நான்கு கிகாபைற்றை எடுத்துக்கொள்கிறது. இணைய உலாவியிற் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்து, நண்பரோடு பேசிக்கொண்டே, ஆட்டத்தைப் பதிவும் செய்துகொண்டிருந்தால், மேலும் சில கிகாபைற்றுப் போய்விடும். தகுந்த அளவையே அளவாகக் கொள்வது இதனாலேதான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை, அளந்தே பார்த்துவிடலாம். வழக்கமாக விளையாடும் ஆட்டத்தை அரைமணி நேரம் ஆடிவிட்டு, அதை மூடாமலே கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் பணி மேலாளர் என்ற சாளரம் தோன்றும். அதிலே செயற்றிறன் பகுதியில் நினைவகத்தைத் தெரிவு செய்தால், எவ்வளவு பயன்பாட்டில் உள்ளது என்று காணலாம். 16 இல் 11 ஓடிக்கொண்டிருந்தால் புதிய நினைவகத்துக்குப் பணஞ் செலவிடுவது வீண். 15க்கு மேல் ஏறி, ஆட்டமும் நின்று நின்று போகுமாயின் மகனின் கட்சியில் நியாயம் உண்டு. நினைவகத்தில் இடம் தாராளமாய் இருக்கவும் ஆட்டம் எப்போதும் மந்தமாகவே ஓடினால், குறை அடுப்பில் இருக்கிறது. அங்கே மேசையை அகலமாக்கிப் பயனில்லை.

இன்று புதிதாக ஒரு கணினி வாங்குவோருக்கு 16 கிகாபைற்று நியாயமான தொடக்கம். எட்டோடு புதிய விளையாட்டுக் கணினி வாங்குவது, விலை எவ்வளவு குறைந்திருந்தாலும், தவிர்க்கத் தக்கது. பட்டியலில் 2024, 2025 ஆம் ஆண்டுகளின் பெரிய விளையாட்டுகள் இருந்து, ஐந்தாறு ஆண்டுக்கு அந்தக் கணினியையே நம்பியிருக்க வேண்டுமானால் 32 தகும். 64 என்பது விமானம் ஓட்டுவோருக்கும், காணொளி தொகுக்கும் தொழில் உடையோருக்கும் உரியது. மற்ற வீட்டில் அது அலங்காரம். பழைய கணினியில் எட்டே இருந்து, வீட்டில் ஆடுவது வலறன்ற் மட்டுமேயானால், அதை இழிவாக எண்ணி வீசிவிட வேண்டியதில்லை.

பணத்தின் பக்கத்தைக் கவனியாமல் இதனை முடிக்க இயலாது. இலங்கையில் நினைவகம் இறக்குமதிப் பண்டம். 2022 ஆம் ஆண்டில், மார்ச்சு மாதத்துக்கும் மே மாதத்துக்கும் இடையில், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, கணினிப் பொருள்களின் விலையும் உடன் ஏறியது. 2025 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் வேறொரு காரணத்தால் உலகச் சந்தையிலேயே நினைவகத்தின் விலை இரண்டு மடங்குக்கும் மேலாகப் பாய்ந்தது. செயற்கை நுண்ணறிவுக்கென எழுப்பப்படும் மாபெருந் தரவு நிலையங்கள் நினைவகத்தை மலைமலையாக வாங்கத் தொடங்கின; தொழிற்சாலைகளும் அந்தப் பக்கமே திரும்பின. வீட்டுக் கணினிகளுக்குக் குறுசியல் என்ற பெயரில் நினைவகம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அவ்விற்பனையினின்றும் விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஓராண்டுக்கு முன் வாங்கிய விலையை வைத்து இன்று எவரும் கணக்குப் போடலாகாது. பட்டியலுக்குப் பதினாறு போதுமானால், எஞ்சிய பதினாறின் விலையை வரைகலை அட்டையிற் சேர்ப்பது, ஆடுகிறவன் கண்ணுக்கே தெரியும் பலனைத் தரும்.

அளவை முடிவு செய்தபின், அதனை எத்தனை துண்டாக வாங்குவது என்பதும் கவனிக்கத் தக்கது. ஒரே 16ஐப் போடுவதினும் இரண்டு 8களைப் போடுவது மேல். இரண்டு துண்டும் செயலிக்கு இரண்டு வழியாகத் தரவை ஊட்டும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் இதன் பயன் மிகத் தெளிவாகத் தெரியும். அங்கே காட்சிக்கும் இந்த நினைவகத்திலிருந்தே பங்கு போவதால், சிறிது கூடுதலாக வாங்குவதும் நன்று. தாய்ப்பலகையில் நான்கு செருகுவாய்கள் இருந்தால் இரண்டு வெறுமையாக நிற்கும். காலம் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம். ஆயினும் டீ.டீ.ஆர். 5 வகையில் நான்கையும் நிரப்பினால் வேகத்தைக் குறைக்க வேண்டி வருவதுண்டு. ஆகையால், பின்னர் 32 வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு 16களாக வாங்குவது நலம். டீ.டீ.ஆர். 4 துண்டு டீ.டீ.ஆர். 5 பலகையிற் பொருந்தாது. வெட்டுவாயின் இடமே வேறு. மடிக்கணினியானால் ஒரு கேள்வி தவறாமற் கேட்க வேண்டும்: நினைவகம் கழற்றி மாற்றக்கூடியதா, பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டதா? ஒட்டப்பட்டதெனில், வாங்கும் நாளில் உள்ள அளவே கடைசிநாள்வரை உள்ள அளவு.

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவானாலும் ஊர்ச் சந்தியிலுள்ள சிறு கடையானாலும், பணத்தைக் கொடுக்குமுன் கணினியை இயக்கச் சொல்லி, முன்னர்க் கூறிய பணி மேலாளரைத் திறந்து பார்ப்பதில் வெட்கமில்லை. மொத்த அளவும், நிரம்பிய செருகுவாய்களின் எண்ணிக்கையும், வேகமும் அங்கே எழுதியிருக்கும். வேகம் மட்டும் பெட்டியில் அச்சிட்டதைவிடக் குறைவாகக் காணப்பட்டால், பொருள் போலியென்று உடனே சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பயோசு என்னும் தொடக்க அமைப்பிற் சென்று, இன்ரெல் பலகையானால் எக்ஸ்.எம்.பி., ஏ.எம்.டி. பலகையானால் எக்ஸ்போ அல்லது அதற்கு ஒத்த பெயருடைய ஓர் இசைவை இயக்கிவிடுமாறு கடைக்காரரிடம் கேட்டால் அவர் அங்கேயே நின்று சில நிமிடங்களிற் செய்து தருவார்.