உயர்த்திக் கொடுக்கும் கை



இலக்கிய அவையில் கைப்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பந்தைக் கையில் வைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லாத ஆட்டம் அது. ஒருவர் தொட்ட பந்தை அவரே அடுத்தும் தொடலாகாது. தடுப்பாட்டத்திற்கு விதிவிலக்கு உண்டு. எத்துணைத் திறமையாளராயினும் பிறர் கையை நம்பியே ஆட வேண்டும். கூடி இயங்கும் வட்டத்திற்கு இதனினும் பொருத்தமான உவமை அரிது.

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர் வில்லியம் மார்கன் அமைத்த ஆட்டம் இது. தமிழகப் பள்ளிகளில் இது வேரூன்றியதில், 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட மண்தரை, இரு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து போதும். எளியவர் வீட்டுப் பிள்ளைகளும் ஆடுவதற்கு வேறென்ன வேண்டும்?

நாகல் நகரின் நெசவாளர் தெருக்களிலிருந்து ஒரு பள்ளி அணி புறப்படுவதாகக் கொள்வோம். குறுவட்டத்தில் வென்று, மாவட்டத்தில் வென்று, மாநில அரங்கிலும் அது நின்றுவிடுகிறது. அடுத்தது தேசியப் போட்டி. 1954இல் உருவான இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் அந்தப் போட்டியில் மோதுபவை பள்ளி அணிகள் அல்ல, மாநில அணிகள். தேர்வாளர் பள்ளிதோறும் ஒருவர் இருவராகப் பொறுக்கி அவற்றை அமைப்பர். எனவே திண்டுக்கல் ரயில் நிலையத்திற்குப் பன்னிருவரும் வரலாம்; வண்டியேறுபவன் ஒருவனாக இருப்பான். மற்றப் பதினொருவர் வழியனுப்பித் திரும்புவர்.

அந்த ஒருவன் பெரும்பாலும் ஓங்கி அடிப்பவன். ஆடவர் வலையின் உயரம் 2.43 மீட்டர், அதற்கு மேலெழும் கை எவர் கண்ணிலும் படும். பந்தை அக்கைக்கு உயர்த்திக் கொடுப்பவனோ கண்ணில் படுவதில்லை. அடிப்பவன் எந்த நொடியில் எழும்புவான், எவ்வளவு உயரத்தில் பந்தை விரும்புவான் என்பதை ஆண்டுக்கணக்கில் உடன் ஆடி அறிந்தவன் அவன். தேசியக் களத்தில் அடிப்பவன் ஒரு புதியவனின் கைக்குப் பழக வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் ஒசாகாவை அடுத்த கைசூக்காவில் நிச்சிபோ நூற்பாலையின் பெண்கள் அணி இருந்தது. பயிற்சியாளர் ஹிரோபுமி டைமாட்சு அவர்களுக்கு அளித்த பயிற்சியின் கடுமை போற்றத்தக்கதன்று. ஆயினும் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, ஜப்பானியப் பெண்கள் அணியில் பெரும்பாலோர் அந்த ஓர் ஆலையினரே. சோவியத் அணியை வென்று அவர்கள் தங்கம் கொண்டனர். ஒருவர் கையை ஒருவர் அறிந்திருந்ததன் ஆற்றலை அவ்வெற்றி காட்டியது.

மாநிலத் தேர்வு முறையிலும் ஒரு நீதி உண்டு. தோற்றுப்போன சிற்றூர்ப் பள்ளியின் நல்ல ஆட்டக்காரனுக்கும் அது வழி திறக்கிறது. ஆகவே அதனை ஒழிக்கக் கோருவது முறையன்று. கோரத்தக்கது வேறு: பள்ளியின் பெயர்ப்பலகையில் தேசியப் போட்டிக்குச் சென்றவன் பெயரோடு, உடன் ஆடிய பதினொருவர் பெயரும் உடற்கல்வி ஆசிரியர் பெயரும் இடம்பெற வேண்டும். தமிழகத்தின் ஜி.இ. ஸ்ரீதரன் 1982இல் அர்ஜுனா விருதும் 2007இல் துரோணாச்சாரியார் விருதும் பெற்றார். முன்னது ஆடியமைக்கு, பின்னது பிறரை ஆடவைத்தமைக்கு. இரண்டையும் நாடு மதிக்கிறது. பள்ளிகளும் மதிக்கலாம்.

கவிஞர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒருவர் கவிதை வெளியூர் அரங்கில் பாராட்டுப் பெறுகிறது. அதன் முதல் வடிவைக் கேட்டு, "இந்தச் சொல் வேண்டாம்" என்று சொன்னவர் பெயர் அவ்வரங்கில் ஒலிப்பதில்லை. மாதந்தோறும் கூட்டத்திற்கு முன்பே வந்து பாய் விரித்தவர் பெயரும் ஒலிப்பதில்லை. வண்டியேறாத அந்தப் பெயர்களை அச்சேற்றவே பத்தாண்டு மலர்கள் இருக்கின்றன. உயர்த்திக் கொடுத்த கைகளை எழுதிவைப்பது நன்றி மட்டுமன்று, நேர்மையுமாகும்.